இரண்டு நிமிட த்ரில்லர் தொடக்கம்: பார்வையாளர் கருத்துகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி:
குறும்படத்தின் தொடக்கக் காட்சியை 20 பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூகுள் ஃபார்மில் கருத்து கேட்டோம். 13 பேர் "சூப்பர்". 5 பேர் "புரியல". 2 பேர் "பயமே வரல". இதை வைத்து எதைத் திருத்துவது?

பதில் 1:
"சூப்பர்" எல்லாம் நட்புக்காக வருவது, கணக்கில் எடுக்காதீங்க. அந்த 5 "புரியல"தான் தங்கம். ஒவ்வொருவரிடமும் எது புரியலன்னு கேளுங்க. உதாரணமா, "கதவைத் தட்டுறது யாரு?" என்றால் அது ஆவல், த்ரில்லருக்கு அதுதான் வேணும். "படியேறினவனும் சாவி வெச்சிருக்கறவனும் ஒரே ஆளா?" என்றால் அது எடிட்டிங் பிழை. பெரும்பாலும் 180 டிகிரி கோட்டை (காட்சியின் குறுக்கே கற்பனையாகப் போடும் கோடு; கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் யார் எந்தத் திசையில் என்று குழம்பாது) தாண்டியிருப்பீங்க, அல்லது முகம் தெரியும் ஷாட் ஒன்று குறையும்.

பதில் 2:
"பயமே வரல"ன்னு சொன்ன அந்த 2 பேர் எதில் பார்த்தாங்க? போன் ஸ்பீக்கரிலா? 50, 60 ஹெர்ட்ஸ் அளவிலான மிகத் தாழ்ந்த உறுமல் ஒலி போன் ஸ்பீக்கரில் வரவே வராது; ஹெட்போனில் நடுங்க வைக்கும் இடம் அங்கே வெறும் மௌனம். அதே ஒலியை 200–400 ஹெர்ட்ஸில் இன்னொரு அடுக்காகச் சேர்த்துப் பாருங்க.

பதில் 3:
ஃபார்ம் மட்டும் போதாது. நேரில் போட்டுக் காட்டி, யாரும் பேசுவதற்கு முன்பே "அடுத்து என்ன நடக்கும்?" என்று தனித்தனித் தாளில் எழுத வையுங்க. எந்த நொடியில் கண் திரையை விட்டுப் போகுதுன்னு குறிச்சுக்குங்க. மூன்று பேர் ஒரே இடத்தில் விலகினால் அந்த ஷாட் நீளம். அவங்க சொல்லும் தீர்வைவிட சுட்டும் இடமே முக்கியம். திருத்திய பதிப்பைப் புது ஆட்களுக்குத்தான் காட்டணும். பழையவர்களுக்கு விடை தெரியும்.