எர்த்ஸீ இரண்டாம் பாகம்: தொடரலாமா?

கேள்வி: அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) முடித்த கையோடு 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' எடுத்தேன். நாலு அத்தியாயம் போயும் முதல் பாகத்து நாயகனான மந்திரவாதி 'கெட்'டைக் காணோம், டெனார் என்ற பெண்தான் இருட்டுச் சுரங்கத்தில் சுற்றுகிறாள். தொடரலாமா?

பதில் 1: தாராளமாக. சின்ன வயதிலேயே பெயரைப் பிடுங்கி 'அர்ஹா' ஆக்கப்பட்டவள் அவள், அந்த இருட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதை நாமும் கொஞ்சம் அனுபவித்தால்தான், வெளிச்சமே கூடாத இடத்தில் கெட் விளக்கோடு நிற்கும்போது திக்கென்று இருக்கும். எனக்கு முதல் பாகத்தைவிட இதுதான் ஒரு படி மேல்.

பதில் 2: எனக்கு ஒட்டவில்லை. 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் படித்த சூட்டில் எடுத்ததாலோ என்னவோ. அதில் நாயகி காட்னிஸ் நிகழ்காலத்திலேயே கதை சொல்வதால் மூச்சுவிட நேரமில்லை (காதல் பகுதி மட்டும் இழுவை).

கேள்வி கேட்டவர்: சரி, தொடர்கிறேன். ஆனால் அந்த விளக்கு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் நீங்க!