பள்ளி வேன், பஸ், ஆட்டோ: பிள்ளை ஏறி இறங்கும் நேரத்தில் நீங்கள் பார்த்தது என்ன?

மடிப்பாக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எல்லோரும் எழுதினால் நன்றாக இருக்கும் என்றுதான் தொடங்குகிறேன். போன வாரம் சாயங்காலம் எதிர்வீட்டு யு.கே.ஜி. பையன் வேனிலிருந்து இறங்கினான். நேரே வீட்டுக்குப் போகாமல் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி எங்கள் கேட்டைப் பார்த்து ஓடி வந்தான். டிரைவர் அதற்குள் கியர் போட்டுவிட்டார். பானெட்டுக்கு மேல் பையனின் தலைகூடத் தெரியவில்லை. தெருமுனை இஸ்திரிக்காரர் ஓடிப்போய் வேனின் பக்கவாட்டில் படபடவென்று அடித்துக் கத்திய பிறகுதான் வண்டி நின்றது. பையனுக்கு ஒன்றும் இல்லை. பயத்தில் நாங்கள்தான் அழுதோம்.

வண்டியில் ஆயா இல்லை. கேட்டால் "இன்னைக்கு லீவுங்க" என்றார் டிரைவர். அந்த ஆயா போன தீபாவளியிலிருந்து லீவில்தான் இருக்கிறார்.

2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தது நினைவிருக்கும். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கு என்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் கட்டாயம் என்று அதில் இருக்கிறது. அப்புறம் ஏன் எங்கள் தெருவுக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு ஆள் இல்லை?

திருப்பூர், வேன் ஓட்டுகிறவன்:

மேடம், நான் பள்ளிக்கூடத்து டிரைவர் இல்லை. சொந்த வண்டி, மஞ்சள் போர்டு, பெர்மிட் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன். பணம்தான்.

ஆயா சம்பளத்தையும் சேர்த்து மாதக் கட்டணம் சொன்னால் பிள்ளைக்கு இருநூறு முந்நூறு கூடுகிறது. "அந்த வேன்காரர் குறைச்சு வாங்குறாரே" என்பார்கள். அந்த வேன்காரர் வைத்திருப்பது ஒயிட் போர்டு மாருதி ஆம்னி வேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு எதிரும் புதிருமாகப் பலகை போட்டிருப்பார், பலகைக்குப் பின்னால் கேஸ் டேங்க், பைகள் எல்லாம் வெளியே கேரியரில் தொங்கும். அது சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டி. வாடகைக்கு ஓட்டும்போது ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் அதையே காரணம் காட்டிக் கையை விரிப்பான். இதைச் சொன்னால் பொறாமையில் பேசுகிறேன் என்கிறார்கள்.

என் வண்டியிலும் ஆயா இல்லை. கடைக்கோடி ஸ்டாப் வரைக்கும் நான் ஒருத்தன்தான். அதனால் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவேன். பிள்ளையைக் கதவிலிருந்து வாங்கி, வீட்டு வாசல் இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். பின்னால் நிற்கிற காரெல்லாம் ஹாரன் அடித்துக் கிழிப்பான். அடிக்கட்டும்.

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன், ஓய்வு:

திருப்பூர் தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன்பு மாவட்டத்தில் உள்ள பள்ளி வண்டிகளை எல்லாம் ஒரு மைதானத்துக்கு வரவழைப்போம். போக்குவரத்து, வருவாய், காவல், கல்வி என்று எல்லாத் துறையும் நிற்கும். முடிச்சூருக்குப் பிறகு நான் முதலில் செய்வது தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பது. ஸ்க்ரூ டிரைவரால் நாலைந்து இடத்தில் குத்துவேன். துருப்பிடித்த தகடு என்றால் மெத்தென்று உள்ளே போகும். அதன்மேல் புது மேட் போட்டு மறைத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே தீயணைப்பு சிலிண்டர் வரிசையில் நிற்கும் மூன்று வண்டிகளுக்குள் ஏறி இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். நம்பர் குறித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அது நின்றது. அவசர வழிக் கதவை டிரைவரையே திறக்கச் சொல்வேன். பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை, லீவரைத் தேடுவார்கள்.

ஆனால் மைதானத்துக்கு வருகிற வண்டி காலி வண்டி. பிள்ளை, பை, டிபன் கூடை, அவசரம் எதுவும் அதில் இல்லை. அன்றைக்கு மட்டும் எல்லா வண்டியிலும் ஆயா சீருடையோடு நிற்பார்! ஒயிட் போர்டு ஆம்னிகள் மைதானம் இருக்கும் திசைக்கே வராது.

ரோட்டில் பிடிக்கலாமே என்பீர்கள். கூடுதலாக ஏற்றிய ஆள் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது சட்டம். அதோடு, கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகுதான் அந்த வண்டி நகர வேண்டும் என்றும் இருக்கிறது. காலை எட்டரை மணி, பரீட்சை நாள், பத்துப் பிள்ளைகளை நடுரோட்டில் இறக்கிவிட்டு மாற்று வண்டிக்கு எங்கே போவது? பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். பெற்றோர் போன் வரும், பிறகு பெரிய இடத்து போன் வரும். எச்சரித்து அனுப்பிவிடுவோம். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைகூட உண்டு. அதற்கும் இதே கதைதான்.

2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புப் பையன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார் என்று விதியில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் நம் சந்துகளில் நாய், பைக், பூக்கூடை எதைக் கண்டாலும் சென்சார் கத்தும். டிரைவருக்கு எரிச்சல் வந்து ஒயரைப் பிடுங்கிவிடுவார். கீழே இறங்கி நிற்கும் ஒரு ஆளுக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை.

சேலம், பஸ் ஆயா (அம்மா சொல்ல மகள் டைப் செய்கிறேன்):

ஆயா லீவு என்று படித்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"பிள்ளை கையைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைப் பிடிக்கணும். கைன்னா உருவிக்கிட்டு ஓடிடும். நான் முதல்ல இறங்கி பின் சக்கரத்துக்கிட்ட நின்னுக்குவேன், அங்கதான் விழும். தண்ணி பாட்டில் உருண்டுச்சுன்னா பிள்ளை அதைப் புடிக்க வண்டிக்கு அடியில போயிடும், அதனால பாட்டில் எல்லாம் பைக்குள்ள போட்டு ஜிப் மூடின பிறகுதான் கதவைத் திறப்பேன். எல்லாரும் இறங்கினதும் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பார்ப்பேன். தூங்கிட்டுப் படுத்திருக்கும். எனக்கு மே மாசம் சம்பளம் கிடையாது. அதையும் எழுதிடு."

இன்னொன்றும் சொல்லச் சொன்னார். ஸ்டாப்பில் வாங்க ஆள் இல்லையென்றால் பிள்ளையை இறக்க மாட்டார், கூடவே சுற்றிக் கொண்டுவருவார். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். "அஞ்சு நிமிஷம் நிக்க வச்சிட்டுப் போனா என்ன" என்று கேட்டவர்கள் உண்டாம்.

கடலூர் மாவட்டம், ஆசிரியர்:

2025 ஜூலை 8 காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். எங்கள் பள்ளி அங்கிருந்து தூரமில்லை. அன்றைக்கு வகுப்பில் பாடம் நடக்கவில்லை.

இங்கே ஆயாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். ஆளில்லாத ரயில்வே கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், வண்டியில் இருக்கும் கண்டக்டரோ கிளீனரோ உதவியாளரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து போய் இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு சொல்கிறது. செம்மங்குப்பத்தில் இருந்தது ஆள் இருக்கும் கேட், அதனால் அந்தப் பிரிவு அங்கே பொருந்தாது. ஆனால் கேட் திறந்திருந்தால் ரயில் இல்லை என்று நம்பும் பழக்கம் எங்கள் ஊரில் அன்றோடு போய்விட்டது. இப்போது எங்கள் வேன்களில் எந்தக் கேட்டாக இருந்தாலும் அக்கா இறங்கி நடந்து பார்த்துக் கையசைத்த பிறகுதான் வண்டி ஏறும். பின்னால் வருகிற டூவீலர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

ஆள் இல்லாத வேன் என்றால் இதை யார் செய்வது? ஓட்டுநர் இறங்கிப் போனால் உள்ளே பிள்ளைகள் தனியாக இருக்கும்.

வியாசர்பாடி, அப்பா:

எல்லாரும் வேன், பஸ் என்றே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஆட்டோதான். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று போலீஸ் சொல்கிறது. எங்கள் ஆட்டோ அண்ணன் எட்டு ஏற்றுவார், டிரைவர் சீட்டில் பக்கத்துக்கு ஒன்று. ஐந்துதான் என்றால் என் பங்கு ஏறும். கூலிக்குப் போகிறவன் எங்கே போவேன்? அரசு பஸ்ஸில் பாஸ் இலவசம்தான், ஆனால் ஏழு வயசுப் பெண்ணை அந்தக் கூட்டத்தில் தனியாக ஏற்ற மனசு வரவில்லை. திட்டாதீர்கள், வழி இருந்தால் சொல்லுங்கள். இப்போதைக்கு இடதுபக்கம் மட்டும் ஏறி இறங்கட்டும் என்று வலதுபக்கத்தில் குறுக்குக் கம்பி போடச் சொல்லியிருக்கிறோம், அண்ணனும் போட்டுவிட்டார்.

மடிப்பாக்கம் அம்மா:

சார், திட்ட யாருக்கும் உரிமை இல்லை. கம்பி விஷயம் நல்ல யோசனை, எங்கள் தெருவிலும் சொல்கிறேன்.

ஆய்வாளர் சாரிடம் ஒரு கேள்வி. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எங்கள் வேனின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் வண்டி வகை மோட்டார் கார் என்று காட்டுகிறது. பள்ளியில் கேட்டால் "அது பேரண்ட்ஸ் ஏற்பாடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். அதே வண்டி தினமும் பள்ளி கேட்டுக்குள்தான் நிற்கிறது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

மோட்டார் கார் என்றால் சொந்த வண்டி அம்மா, கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளை ஏற்றக் கூடாது. கேட்டுக்குள் நிற்கிறதைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் ஐந்தாறு பெற்றோர் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு, மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதன் நகல், இரண்டையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைத்ததும் அதன் நகலைப் பள்ளியில் கொடுங்கள், பேச்சு மாறும். அதற்கு முன்னால் வேறு வண்டி பார்த்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டவர்களே உங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.