புதுப்பிப்பு: சாமான் அறை ஒழிப்பு, பித்தளையும் ஆத்தங்குடித் தரையும்

சாமான் அறையை ஒழிக்க, எல்லாவற்றையும் செட்டிநாட்டு வீட்டின் வளவுத் தாழ்வாரத்தில் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) பரப்பிப் பிரிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் முக்கியமான ஒரு திருத்தம்: பித்தளையை அங்கேயே புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் தரை ஓடு) சிமெண்டால் ஆனது. புளி, எலுமிச்சை, ஆசிட் எது பட்டாலும் மேல்பரப்பை அரித்து வெளிறிய திட்டு விழும். எண்ணெய் தடவினால் திட்டு மங்கலாகுமே தவிர, போகாது. பின்கட்டுக் கிணற்றடிதான் சரியான இடம்.

கழுவியதும் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுக்குங்கள். ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று போட்டால் பச்சைக் களிம்பு ஏறும். மங்குச் சாமான்களுக்கு (எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்கள்) நடுவே பழைய வேட்டித் துணி வையுங்கள். பூச்சு தெறித்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். அப்படித் தெறித்ததில் சமைக்க வேண்டாம்.

தரைக்கு வெறும் தண்ணீர், காய்ந்ததும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஓலைக் கொட்டான்களை (பனையோலைக் கூடைகளை) நனைக்காமல் உதறி, நிழலில் ஆறப்போடுங்கள்.