மறு: பிடித்த மென்பொருளால் வரும் இறுமாப்புக்கு ஒரு சொல் – ‘கருவிச்செருக்கு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். தாம் பயன்படுத்தும் மென்பொருளை வைத்தே தம்மை உயர்வாக எண்ணி மற்றவரை இகழும் குணத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘கருவிச்செருக்கு’ என்ற சொல்லுக்கு வந்த மறுப்புகளை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> ‘மென்பொருள் பெருமிதம்’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் (உடலில் வெளிப்படும் உணர்வுகளுள்) ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. நான்கும் ஒருவர் தாமே ஈட்டுபவை. நாம் பெயர் தேடும் குணமோ விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் பெட்டியிலிருந்து பிறக்கிறது. அதற்குப் பெருமிதம் என்று பெயரிட்டால் நல்ல சொல் ஒன்று கெட்டுப்போகும். 431ஆம் குறள் செருக்கு இல்லாதவரின் பெருக்கத்தையே பெருமிதம் உடையது என்கிறது. இரண்டையும் வள்ளுவர் பிரித்துவைத்த பிறகு நாம் ஏன் கலக்க வேண்டும்?

> 598ஆம் குறளில் செருக்கு நல்ல பொருளில் வருகிறதே?

ஐயா சொல்வது சரி. அங்கே ‘வள்ளியம்’ (நாம் வள்ளல்கள்) என்னும் செருக்கு ஊக்கத்தின் பயனாகவே நிற்கிறது. ஆகவே வெறும் ‘செருக்கு’ போதாது. எதனால் வந்த செருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். 346ஆம் குறளின் ‘யான் எனது என்னும் செருக்கு’ நம் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. ‘என்னுடைய மென்பொருள்’ என்பதில் உள்ள அந்த ‘எனது’தான் இங்கே நோய்.

‘மென்பொருட்செருக்கு’ என்று முன்மொழிந்த நண்பருக்கு: 1995இல் வெளிவந்த ஃப்ரண்ட்பேஜ் என்ற வலைப்பக்கம் அமைக்கும் மென்பொருளை அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1997இல் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ட்ரீம்வீவர் என்ற அதே வகை மென்பொருள் வந்தது. அதன் பயனர்கள் ஃப்ரண்ட்பேஜ்காரர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள். அதே வகையைச் சேர்ந்த, அடோபி நிறுவனத்தின் கோலைவ் பயனர்கள் ட்ரீம்வீவரோடு மல்லுக்கு நின்றார்கள். இந்த எல்லோரையும் விட உயரத்தில் தம்மை வைத்துக்கொண்டவர்கள், பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் எழுதி, ‘நோட்பேடில் செய்தது’ என்ற சின்னத்தைப் பக்கத்தின் அடியில் ஒட்டியவர்கள். ‘மென்பொருளை நம்பாதவன்’ என்பதே அவர்களுடைய செருக்கு. அவர்களையும் உள்ளடக்க ‘கருவி’ என்ற பொதுச்சொல்தான் உதவும். (வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் உருவாக்கிய முதல் வலை உலாவியே பக்கங்களை எழுதித் திருத்தும் ஒரு தொகுப்பியும்கூட, குறிகளைக் கண்ணால் பாராமலே அதில் பக்கம் எழுதலாம். கையால் எழுதுவதே வலையின் ஆதி வழக்கம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.)

ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரண்ட்பேஜ் தேவையற்ற குறிகளை அள்ளிக் கொட்டியது. அதன் சில வசதிகள் இயங்க வழங்கியில் (தளத்தை வைத்திருக்கும் கணினியில்) தனி நீட்சிகள் வேண்டியிருந்தன. இவற்றைச் சொல்வது திறனாய்வு. அதைக் கருவிச்செருக்கு என்று சொல்லக் கூடாது; சொன்னால் இச்சொல் வாயடைக்கும் ஆயுதமாகிவிடும்.

நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் இளம்பெண் ஒருவர் இரண்டு வாரம் உழைத்து ஒரு தளத்தை முடித்துக் கொடுத்தார். பார்வையிட வேண்டியவர் மூலநிரலைத் திறந்தார். ஃப்ரண்ட்பேஜ் தன் பெயரைப் பதித்துவைக்கும் அந்த ஒற்றை வரியைக் கண்டதும் மூடிவிட்டார். பக்கங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. அந்தப் பெண் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு மறுநாள் அதையே கொடுத்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மன்றாடுவதற்கு அவரும் ஒரு காரணம்.

பெயர் இருந்தால்தான் குறையைச் சுட்டிக்காட்ட முடியும். 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. ட்ரீம்வீவரும் கோலைவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாயின, 2008இல் கோலைவ் நிறுத்தப்பட்டது. சண்டை மட்டும் நிற்கவில்லை. இன்று ஸ்கெட்ச், ஃபிக்மா என்று வடிவமைப்பு மென்பொருள்களின் பெயர்களுக்கு மாறிக்கொண்டு அதே பேச்சு தொடர்கிறது.

ஆக்கங்களும் எளிதாக வருகின்றன: கருவிச்செருக்கர், கருவிச்செருக்குற்ற. குற்றமற்ற விருப்பத்துக்குக் ‘கருவிப்பற்று’ என்பதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ‘மமதை’யை நான் விலக்குவது வடசொல் என்பதற்காக அன்று, ‘கருவிமமதை’ நாவில் தடுக்குகிறது.

விளக்கக் குறிப்பாக இதை முன்வைக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் எழுதுங்கள்:

கருவிச்செருக்கு (பெ.): தாம் கையாளும் கருவியையே தம் திறமையாக எண்ணி, வேறு கருவியைக் கையாள்பவரின் வேலையைப் பாராமலே இகழ்தல்.

அன்புடன்.