புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100-க்கு 24 எம்எம் கார்ப்ரேட்டர், திணறல் சரியாயிருச்சு

ஐடியா குடுத்த எல்லாருக்கும் நன்றிண்ணே. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குல பெரிய கார்ப்ரேட்டர் (பெட்ரோலயும் காத்தயும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது) மாட்டுனதுல இருந்து கால்வாசி ஆக்ஸிலேட்டர்ல வண்டி திணறுது, ஸ்பார்க் பிளக்கு பெட்ரோல் பத்தாம வெள்ளையா இருக்குன்னு கேட்டிருந்தேன்ல. மொதல்ல மெயின் ஜெட்ட (பெட்ரோல் வர்ற பெரிய துளை) ரெண்டு சைஸ் ஏத்துனேன், ஒன்னும் ஆகல, அது ஆக்ஸிலேட்டர் முக்கால்வாசிக்கு மேல போனாதான் வேலை செய்யும்னு அப்புறம்தான் மண்டைல ஏறுச்சு. பைலட் ஜெட்ட (கம்மி ஆக்ஸிலேட்டருக்கான சின்ன துளை) 17.5-ல இருந்து 22.5 ஆக்கி ஊசி மேல ஏறி பெட்ரோல் கூட வர்ற மாதிரி ஊசி கிளிப்ப ஒரு பள்ளம் கீழ எறக்குங்கண்ணேன்னு ஒரு தம்பி சொன்னாப்ல, அதுலதான் திணறல் சரியாச்சு.

ஆனா ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர விட்டா இன்ஜின் ஓடுற வேகம்) மட்டும் தன்னால ஏறி ஏறி நின்னுச்சு. பாத்தா கார்ப்ரேட்டரயும் இன்ஜினயும் இணைக்கிற இன்டேக் ரப்பர்ல தலைமுடி கணக்கா ஒரு வெடிப்பு, தண்ணி தெளிச்சதும் சத்தம் மாறுச்சு, அது வழியா காத்து இழுக்குதுன்னு தெரிஞ்சு ரப்பர மாத்திட்டேன். ஐடிலிங்ல காத்து அளவ மாத்துற ஏர் ஸ்க்ரூ இப்ப முழுசா மூடுனதுல இருந்து ஒன்றரை சுத்து வெளிய.

நேத்து அழகர்கோவில் ரோட்ல முறுக்கிட்டு பிளக்கக் கழட்டுனா காப்பிப்பொடி கலரு, கலவை சரியா இருக்குன்னு அர்த்தம். மைலேஜ் மட்டும் கேக்காதீங்க.