மறுமொழி: தெர்வாருக்கு ‘நிலவாகு’ பொருந்துமா?

குழுமத்தாருக்கு வணக்கம். விளைந்த இடம் ஒயினுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சில் ‘தெர்வார்’ (terroir) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘மண்வாசம்’ என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மண்வாசம் என்றதும் முதல் மழையும் கிராமத்துக் கதையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், மண்ணின் ருசி வேர்வழியாக ஏறிப் புட்டிக்குள் இறங்கிவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு அந்தச் சொல் முட்டுக்கொடுக்கும். சுண்ணாம்பு நிலத்து ஒயினில் சுண்ணாம்பு ருசிக்காது. நீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது என்பதில்தான் மண்ணின் கைவரிசை பெரும்பாலும் இருக்கிறது.

சிவப்பு ஒயினில் இது தூக்கலாகத் தெரியும். நிறமும் துவர்ப்பும் பழத்தோலிலிருந்து வருபவை. தோலோடு சேர்த்தே சாற்றை நொதிக்கவிடுகிறார்கள். தோல் சரியாகப் பழுக்காவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். பிரான்சின் போர்தோவில், ஆற்றின் இடக்கரையில், மெதோக் வட்டாரத்தில், சரளைக்கல் நிலம். நீர் நிற்காமல் வடியும். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சை ரகத்துக்கு அந்தச் சூடு வேண்டும். வலக்கரையில் பொமரோலின் குளிர்ந்த களிமண்ணில் முன்னதாகப் பழுக்கும் மெர்லோ ரகம் கோலோச்சுகிறது.

ரகமே வேறாயிற்றே என்பவர்கள் பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியைப் பார்க்கலாம். அங்கே சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார் ரகம் ஒன்றுதான். க்ளோ து வூஜோ என்ற மதில் சூழ்ந்த தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். ஒரே மதிலுக்குள் சரிவின் மேற்பகுதியில் நீர் நன்றாக வடிகிறது, அடியில் சாலையோரமாக ஈரம் தங்குகிறது. மேலே விளைவதற்குத்தான் மதிப்பு.

> அப்படியானால் ‘திணை’? நிலமும் பொழுதும்தானே முதற்பொருள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் திணை வகைப்படுத்தும் சொல். மலை என்றால் எல்லா மலையும் குறிஞ்சி. தெர்வாரோ இந்த மதிலுக்குள் இந்தச் சரிவு மட்டும் என்று பிரித்துக் காட்டுவது. நந்தி மலையும் கொடைக்கானலும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டால் அந்தச் சொல்லால் என்ன பயன்?

நான் முன்மொழிவது ‘நிலவாகு’. உடல்வாகு நமக்குப் பழகிய சொல். இங்கே பெங்களூருக்கு வடக்கே, தொட்டபள்ளாபுரம் பக்கத்துத் தோட்டமொன்றில் கவாத்து செய்துகொண்டிருந்த கிருஷ்ணகிரிக்காரர் செம்மண்ணை அள்ளி விரலிடுக்கில் உதிர்த்துக் காட்டி, “இந்த மண்வாகுக்குக் கொடி அவ்வளவாகத் தழைக்காது, காய் சிறுத்து நிறம் ஏறும்” என்றார். ‘மண்வாகு’ என்றே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அங்கே மண் பாதிக் கதை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் இரவு குளிர்கிறது, பழத்தின் புளிப்பு முழுவதும் இறங்கிவிடாமல் தங்குகிறது. உயரம், சரிவு, காற்று எல்லாவற்றுக்கும் ‘நிலம்’ இடம்கொடுக்கும்.

> மனிதர் கைவேலை இதில் சேருமா?

சேர்த்தே ஆக வேண்டும். பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2010இல் தந்த வரையறையில் வட்டாரத்தின் சாகுபடி முறைகளும் அவை பற்றிய கூட்டறிவும் உண்டு. நம் பக்கம் கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து. அதுவும் நிலவாகில் சேர்த்தி. உழைப்பால் உடல்வாகு மாறுவதில்லையா?

குடிக்கிற சமாசாரத்துக்கு எதற்குக் கலைச்சொல் என்று தனிமடலில் ஒருவர் கடிந்துகொண்டார். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் என்ன சிறப்பு என்று தமிழில் எழுத உட்கார்ந்தாலும் இதே சொல்தான் வேண்டியிருக்கும். காபிக்கும் தேயிலைக்கும் அப்படியே.

அகராதிக்கு என் வரைவு: நிலவாகு – குறிப்பிட்ட ஒரு விளைநிலத்தின் மண், சரிவு, உயரம், தட்பவெப்பம், அங்கே வேரூன்றிய சாகுபடி முறை ஆகியவை கூடி விளைபொருளுக்குத் தனித்தன்மை தரும் அமைவு.

இன்னொன்று பாக்கி. பர்கண்டியில் எல்லை வகுத்துப் பெயரிட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் ‘க்ளிமா’ என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அவை இடம்பெற்றன. தஞ்சைப் பக்கம் வயல் துண்டைத் ‘தாக்கு’ என்பார்கள். அதை எடுத்துக்கொள்ளலாமா, அல்லது படிப்பவருக்கு அடிதடி நினைவு வந்துவிடுமா? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்.