ஆரையம்பதி–கொக்கட்டிச்சோலை ஃபைபர்: ஈபானா, ஜீபானா, பாவித்த பெரிய ஓஎல்டியா?

ஆரையூர் கேபிள்:
வணக்கம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்து வருகிறோம். உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து அதே வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கப் போகிறோம். முதலில் ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் இருநூறு வீடு. அடுத்த கட்டம் மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு. ஓஎல்டி, அதாவது எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் தலைமைப் பெட்டி, எங்கள் கடையில் இருக்கும். கடைசி வீட்டுக்குக் கேபிள் பத்து கிலோமீற்றர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியும் அதே ஃபைபரில் போக வேண்டும்.

ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்க ஈபான், ஜீபான் என்று இரண்டு முறை உண்டு. கையில் மூன்று யோசனை இருக்கிறது. நாலு போர்ட் ஈபான் பெட்டி, எட்டு போர்ட் ஜீபான் பெட்டி, இல்லாவிட்டால் பாவித்த ஹுவாவே எம்ஏ5608டி என்ற பெரிய ஓஎல்டி. எதை எடுக்கலாம், ஏன் என்று சொல்லுங்கள்.

வாவிக்கரை:
ஈபான் எடுங்கள் தம்பி. இருநூறு வீட்டோடு தொடங்கும் ஆளுக்கு முதல் வருடத்தில் முக்கியம் கையில் காசு மிஞ்சுவது. ஈபான் சாதாரண ஈதர்நெட் மாதிரியே ஓடும், 2004 இல் வந்த தரம், பழகிய தொழில்நுட்பம். மைக்ரோடிக் ரூட்டர் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் அரை நாளில் பிடித்துக்கொள்வான். ஜீபானில் வீட்டில் வைக்கும் பெட்டியான ஓஎன்யு ஒவ்வொன்றுக்கும் ப்ரொஃபைல் (அமைப்பு விவரம்) எழுதி, அதை இன்னொன்றோடு கட்டி, ஒரு வீட்டுக்கு லைன் கொடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஒரு போர்ட்டில் 64 வீடு போட்டால் நாலு போர்ட்டில் 256. உங்களுக்குத் தாராளம்.

அக்கரைப்பற்று நானா:
வாவிக்கரை அண்ணன் விலையைச் சொன்னார், வேகத்தைச் சொல்லவில்லை. ஈபான் லைனில் 1.25 கிகாபிட் ஓடினாலும் குறியீட்டுக்குப் போனது போக ஒரு கிகாபிட்தான் மிஞ்சும். அதை 64 வீட்டுக்குப் பிரித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ஆளுக்குப் பதினைந்து மெகாபிட். இரவு எட்டு மணிக்குக் காத்தான்குடியில் எத்தனை வீட்டில் யூடியூப் ஓடும் என்று யோசியுங்கள். ஜீபானில் இறங்கும் பக்கம் 2.488 கிகாபிட், ஏறும் பக்கம் 1.244. 32 வீட்டுக்குப் பிரித்தாலும் மோசமான நேரத்தில் ஆளுக்கு எழுபது மெகாபிட்டுக்கு மேல் வரும்.

இன்னொரு விஷயம். ஓஎல்டியில் இருந்து இறங்குவது எல்லா வீட்டுக்கும் போகும், ஓஎன்யு தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதைப் பூட்டி அனுப்ப ஜீபான் தரத்திலேயே ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை இருக்கிறது. ஈபானின் முதல் தரத்தில் அப்படி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தது. சனங்களின் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பாடம் எல்லாம் போகிற லைன் இது. இதில் காசு பார்க்கக் கூடாது.

வாவிக்கரை:
எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பது எங்கேயும் நடப்பதில்லை நானா. மேலே உள்ள நிறுவனத்திடம் அவர் வாங்கப் போகும் மொத்த இணைப்பே ஒரு கிகாபிட்டைத் தொடுமா என்று முதலில் கேளுங்கள். வாய்க்கால் சின்னதாக இருக்கும்போது வயலுக்குள் பெரிய மதகு எதற்கு? வங்கி இணையத்தளங்களும் இப்போது தாமே பூட்டித்தான் அனுப்புகின்றன.

அக்கரைப்பற்று நானா:
இன்று தொடாது, நாளைக்குத் தொடும். அப்போது ஈபானில் இருந்து ஜீபானுக்கு மாறுவது எப்படி? இரண்டும் ஒரே ஒளி அலைநீளத்தில்தான் ஓடும், இறங்க 1490, ஏற 1310 நானோமீற்றர். ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஒரே ஸ்பிளிட்டரில் இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. அந்தப் போர்ட்டில் உள்ள அத்தனை வீட்டுப் பெட்டியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஜீபானில் தொடங்கினால் பிறகு பத்து கிகாபிட் முறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வைக்கலாம். அது 1577 இலும் 1270 இலும் ஓடும், பழைய வீடுகள் அப்படியே இருக்க, கேட்ட வீட்டுக்கு மட்டும் பத்து கிகாபிட் பெட்டி கொடுக்கலாம்.

வாவிக்கரை:
இரண்டு முறையிலும் ஓடும் எக்ஸ்பான் ஓஎன்யு சந்தையில் இருக்கிறதே. முதல் நாளிலிருந்தே அதை வாங்கி வைத்தால் ஓஎல்டியை மாற்றும்போது பெட்டி தானே புதிய முறையைப் பிடித்துக்கொள்ளும்.

கல்முனை நெட்:
சின்னப் பெட்டி இரண்டையும் விடுங்கள். நான் எம்ஏ5608டி பக்கம். வீட்டு லைன்கள் புறப்படும் சேவை அட்டை இரண்டு போடலாம், 16 போர்ட் அட்டை போட்டால் ஒரே பெட்டியில் 32 ஜீபான் போர்ட். வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதற்கும் போதும். கட்டுப்பாட்டு அட்டையும் இரண்டு, ஒன்று போனால் மற்றது எடுக்கும். -48 வோல்ட் நேரோட்ட மின்சாரத்தில் (டிசி) ஓடுவதால் பற்றரியை நேராகக் கட்டலாம், நடுவில் இன்வேர்ட்டர் வேண்டாம். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போனதை மறந்துவிட்டீர்களா?

களுவாஞ்சி ஸ்ப்ளைசர்:
நான் லைன் வேலை செய்கிறவன். பாவித்த பெட்டியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அட்டை செத்தால் அதே அட்டை எங்கே கிடைக்கும்? கார்த்திகை மாசத்து மழையில், இரவு ஒன்பது மணிக்கு, கொழும்பு பஸ்ஸில்தான் வர வேண்டும், அதுவும் அங்கே ஒருவரிடம் இருந்தால். எந்த ஓஎல்டி என்றாலும், இன்னொன்று கடையில் தூங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு சின்ன ஜீபான் பெட்டிதான் சரி. பாதி வீடு ஒன்றில், பாதி மற்றதில். ஒன்றை மின்னல் அடித்தால் அந்த வீடுகளை மற்றதில் குத்தலாம்.

அதைவிடப் பெரிய விஷயத்தை யாரும் பேசவில்லை, ஒளிக்கணக்கு. வழியில் எவ்வளவு ஒளி குறைகிறது என்ற கணக்கு. ரோட்டோரக் குளோஷரில் (மூட்டுப் பெட்டியில்) நாலாகப் பிரித்து, தூணில் எட்டாகப் பிரித்தால் 32 வீடு. இரண்டு ஸ்பிளிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 18 டெசிபெல் தின்னும். பத்து கிலோமீற்றர் கேபிள் 3.5. மூட்டும் கனெக்டரும் 2. மொத்தம் 23.5. பி+ வகை ஒளி மொட்யூல் தாங்குவது 28. ஆக 4.5 கையிருப்பு. இதையே 64 ஆக்கினால் கையிருப்பு ஒன்றரைக்கு இறங்கிவிடும். தென்னோலை விழுந்து கேபிள் நாலு இடத்தில் அறுந்து நாலு மூட்டுப் போட்டால் கடைசி வீடு சிவப்பு லைட் காட்டவும் கூடும். பாலத்துக்கு அப்பால் 64 என்ற பேச்சே வேண்டாம். சி+ மொட்யூல் போட்டால் 32 டெசிபெல் வரை தாங்கும் என்பீர்கள், அந்த மிச்சத்தைக் கேபிள் பழசாகும் காலத்துக்கு வையுங்கள்.

டிவி போகிறது என்றால் 1550 நானோமீற்றரில் போகும், ஒளிப்பெருக்கி வைத்து ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கலக்க வேண்டும். கனெக்டர் எல்லாம் பச்சை ஏபிசி, அதாவது முனை சாய்வாகத் தீட்டிய வகை. நீலம் சாய்வில்லாத வகை. ஒரே ஒரு இடத்தில் நீலத்தைப் பச்சையோடு குத்தினாலும் இரண்டு முனையும் ஒட்டாது, ஒளியும் போகும், திரும்பி வரும் ஒளியால் படமும் கெடும். பையன்களிடம் நீல பேட்ச் கோர்டே கொடுக்காதீர்கள்.

ஆரையூர் கேபிள்:
மின்னலுக்கு ஃபைபர் பயமில்லை என்கிறார்களே அண்ணன்?

களுவாஞ்சி ஸ்ப்ளைசர்:
கண்ணாடிக்குப் பயமில்லை தம்பி, அதோடு வரும் இரும்புக் கம்பிக்கு இருக்கிறது. தூணில் இருந்து வீட்டுக்கு இழுக்கும் ட்ராப் கேபிளில் தாங்குகம்பி ஒன்று ஒட்டியிருக்கும். அதைச் சுவரில் கொக்கியோடு வெட்டி நிறுத்திவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். பெரிய கேபிளை உலோகமே இல்லாத வகையாக எடுங்கள், மின்சாரத் தூணோடு போகும்போது அதுதான் பாதுகாப்பு. அப்படியும் ஓஎன்யு சாகும், பெரும்பாலும் கரண்ட் அடப்டர் வழியாக. கடற்கரைப் பக்கம் குளோஷரின் ஆணி துருவேறாத எஃகாக இருக்கட்டும். ஆரையம்பதி உப்புக்காற்றில் சாதா ஆணி இறுகிப்போய், திறக்கும்போது முறியும்.

கல்முனை நெட்:
அட்டை கிடைக்காது என்பதை நான் ஒப்பமாட்டேன். வாங்கும்போதே உபரி அட்டை ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், அப்போதும் 32 போர்ட்டுக்கு விலை பெரிதாக ஏறாது. சின்னப் பெட்டியை நாலாக அடுக்கி, நாலையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது லேசு இல்லை.

அக்கரைப்பற்று நானா:
உபரி அட்டை சரி, மென்பொருள்? பாவித்த பெட்டிக்கு யார் அப்டேட் தருவார்கள்? புதிய பெட்டி என்றால் விற்றவரைப் பிடித்துக் கேட்கலாம்.

ஆரையூர் கேபிள்:
எல்லோருக்கும் நன்றி. எட்டு போர்ட் ஜீபான் பெட்டி இரண்டு எடுப்பது என்று வீட்டில் பேசினோம். ஒரு போர்ட்டில் 32க்கு மேல் போகமாட்டோம். ஓஎல்டியில் மிச்சம் பிடிக்கலாம் என்று வைத்திருந்த காசு உலோகமில்லாத கேபிளுக்கும் ஒளியை அளக்கும் ஒரு நல்ல பவர் மீட்டருக்கும் போகிறது. டிவி வாங்கியுள்ள வீடுகளுக்கு மட்டும் டிவி போர்ட் உள்ள ஓஎன்யு.

வாவிக்கரை:
உங்கள் விருப்பம் தம்பி. ஆனால் ஓஎன்யுவை ஓஎல்டி விற்கும் கம்பெனியிடமே மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். அதற்காக வேறு கம்பெனிப் பெட்டியைப் பார்க்காமலும் எடுக்காதீர்கள். அது ஜீபானில் லைன் பிடிக்கும், ஆனால் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கடையில் இருந்தபடி மாற்றவிடாமல் அடம்பிடிக்கும். இரண்டு மூன்று வகை வாங்கி, உங்கள் ஓஎல்டியிலேயே குத்திப் பார்த்துவிட்டு ஓர்டர் கொடுங்கள். இருநூறு வீட்டுப் பெட்டியின் விலை ஓஎல்டியின் விலையைத் தாண்டும். நான் ஈபான் சொன்னதே அதற்காகத்தான், இப்போதும் அதைத்தான் சொல்வேன்.